கல்லீரல் தழும்பு: உருவாவதும் கரைவதும்

கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது என்று சொன்னதும், இனி அது போகவே போகாது என்ற முடிவுக்கு நோயாளியும் குடும்பத்தாரும் வந்துவிடுகிறார்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை மருத்துவப் பாடநூல்களும் அப்படித்தான் சொல்லின. அந்தக் கருத்து இன்று மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைப் புரிந்துகொள்ள, தழும்பை உருவாக்கும் செல்லைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லீரல் செல்களின் வரிசைக்கும் அவற்றை ஒட்டி ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. ஸ்டெல்லேட் செல்கள் எனப்படும் நட்சத்திர வடிவ செல்கள் அங்கேதான் இருக்கின்றன. 1876இல் கார்ல் வான் குஃபர் விவரித்த நட்சத்திர செல்களும், 1951இல் ஜப்பானின் தோஷியோ இட்டோ விவரித்த கொழுப்பு சேமிக்கும் செல்களும் ஒன்றே என்பது 1971இல் கெஞ்சிரோ வாக்கே செய்த ஆய்வில்தான் தெளிவாயிற்று. நலமான கல்லீரலில் இவை அமைதியானவை. உடலின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பகுதியைச் சிறு கொழுப்புத் துளிகளாகத் தமக்குள் சேமித்து வைத்திருக்கின்றன.

மது, ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், நீரிழிவோடும் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பு என எதனால் கல்லீரல் செல்கள் அடிபட்டாலும், அவை இறக்கும்போது வெளிவரும் பொருட்கள் அருகிலுள்ள குஃபர் செல்களை (குஃபரின் பெயரைத் தாங்கினாலும் இவை நட்சத்திர செல்கள் அல்ல, கல்லீரலில் உள்ள நோய் எதிர்ப்பு செல்கள்) தூண்டிவிட, அவை டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் சமிக்ஞை கிடைத்ததும் ஸ்டெல்லேட் செல் தன் வைட்டமின் ஏ துளிகளை இழந்து, தசைச் செல்லைப் போலச் சுருங்கும் தன்மையைப் பெற்று, பெருகி, கொலாஜன் நார்களை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. அதே வேளையில், பழைய நார்களை அரித்து அகற்றும் நொதிகளைத் தடுக்கும் டிம்ப்-1 என்ற புரதத்தையும் அதுவே சுரக்கிறது. நார் உற்பத்தி ஏறுகிறது, அகற்றும் வேலை நின்றுபோகிறது. காயம் ஒருமுறையோடு முடிந்தால் இந்த ஏற்பாடு நன்மையே. காயம் ஆண்டுக்கணக்கில் தொடரும்போதுதான் நார் படிந்துகொண்டே போய்த் தழும்பாகிறது.

சல்லடை போன்ற துளைகள் கொண்ட நுண்குழாய்களின் சுவர் இதனால் அடைபட, இரத்தத்துக்கும் கல்லீரல் செல்லுக்கும் இடையே நடக்கும் பரிமாற்றம் குறைகிறது. கல்லீரலுக்குள் வரும் இரத்தத்தின் அழுத்தம் ஏறுகிறது. வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாய் நாளங்கள் புடைத்து இரத்தவாந்தி வருவதும் இதன் பிற்கால விளைவுகளே. அதுவரை வலி எதுவும் இருப்பதில்லை என்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

காயத்தின் காரணம் நீங்கினால் நிலைமை திரும்புகிறது. தூண்டப்பட்ட ஸ்டெல்லேட் செல்களில் ஒரு பகுதி தாமாகவே மடிகின்றன. இன்னொரு பகுதி ஏறத்தாழப் பழைய அமைதி நிலைக்குத் திரும்புவதை 2012இல் வெளியான எலி ஆய்வுகள் காட்டின. டிம்ப்-1 குறைந்ததும் நார்களை அரிக்கும் நொதிகள் மீண்டும் வேலை செய்கின்றன. மனிதர்களிலும் இதற்குச் சான்று உண்டு. ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை ஐந்து ஆண்டுகள் கொடுத்துத் திசுப் பரிசோதனை செய்த ஆய்வு 2013இல் வெளியானது. தொடக்கத்தில் சிரோசிஸ் (தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகிய நிலை) இருந்த 96 பேரில் 71 பேருக்கு, ஐந்தாம் ஆண்டில் அது சிரோசிஸ் என்று சொல்லும் நிலையில் இல்லை. கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவர்களில், உடல் எடையில் பத்து விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தழும்பு குறைந்ததை 2015இல் வெளியான கியூபா ஆய்வு காட்டியது.

ஸ்டெல்லேட் செல்லையே நேரடியாகக் குறிவைத்துத் தழும்பைக் கரைக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த ரெஸ்மெடிரோம், கல்லீரல் செல்லில் உள்ள கொழுப்பைக் குறைப்பதன் வழியாகத்தான் பயன் தருகிறது. கடைகளில் விற்கும் லிவர் டானிக்குகள் தழும்பைக் கரைக்கும் என்று நம்பி, மதுவை நிறுத்தாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

என்னிடம் வருபவர்களில் பலர், அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் உள்ள 'கிரேடு 1, கிரேடு 2' என்பதைத் தழும்பின் அளவாக எண்ணிக்கொள்கிறார்கள். அது கொழுப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. கிரேடு 1 உள்ளவருக்கும் தழும்பு முற்றியிருக்கலாம். கல்லீரல் செல்கள் அடிபடுவதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளில் ஒன்றான எஸ்ஜிபிடி இயல்பாக இருப்பதும் போதிய உறுதி ஆகாது. வயதை, அதே வகைப் பரிசோதனையான எஸ்ஜிஓடியின் அளவால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கை (ஆயிரங்களில்), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனால் வகுத்தால் ஃபிப்-4 என்ற எண் கிடைக்கும். 52 வயதுக்காரருக்கு எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, தட்டணுக்கள் 1.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படாத எண்கள் இவை. ஆனால் ஃபிப்-4 கணக்கு 2.77 என்று வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67ஐத் தாண்டினால் ஃபைப்ரோஸ்கேன் செய்து கல்லீரலின் விறைப்பை அளந்தே ஆக வேண்டும். 35 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமானதல்ல. நீரிழிவு உள்ளவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிரோசிஸ் நிலையை எட்டிய பிறகு தழும்பு ஓரளவு குறைந்தாலும், கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு முழுவதும் நீங்குவதில்லை. ஆகவே வைரஸ் ஒழிந்தவர்களும் மதுவை விட்டவர்களும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்துகொள்வதை நிறுத்தக் கூடாது.