வீட்டு ஃபைல் சர்வர்: ஐ5-ஆ ஐ7-ஆ என்று கேட்பதற்கு முன்னால்

காரைக்குடி பக்கம் வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் அமைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் கொஞ்ச காலமாகக் கூடியிருக்கிறார்கள். வீடு கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும். பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தப் பத்திரம், பர்மா காலத்துப் பேரேடு, வீட்டுப் பத்திரம், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுவைத்தால் வேண்டியவர் எடுத்துப் பார்க்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணே, ஐ5 போதுமா, ஐ7 போடணுமா?"

ஐ5, ஐ7 என்பவை இன்டெல் பிராசஸர் வகைகள். ஃபைல் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு பிராசஸர் பெரிய விஷயமே இல்லை. 6 வாட் என்று குறித்து விற்கிற இன்டெல் என்100 ஒரு கிகாபிட் நெட்வொர்க்குக்குத் தாராளமாகப் போதும். எங்கள் பக்கம் சர்வர் படுத்தால் பெரும்பாலும் மின்சாரம் காரணம், அடுத்தது டிஸ்க். பிராசஸர் கெட்டு என் மேஜைக்கு வருவது அபூர்வம். பணத்தையும் அந்த வரிசையிலேயே ஒதுக்குங்கள்.

முதலில் எர்த். இங்கே மண் செம்மண்ணும் சரளையும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோனால் பெயருக்குத்தான் எர்த் இருக்கும். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அப்படியானால் அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த் வரவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் என்கிற திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்க விலை கூடிய சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்குவது பாதிக் காசை வீணாக்குவதுதான். இடியின் வேகத்தை மண்ணுக்கு இறக்க அதற்கு வழி இருக்காது.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு இன்னொரு வாசலும் உண்டு. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. சுவர் கனத்தில் வைஃபை நிற்காது என்று முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை முற்றத்தின் மேலாக லேன் வயரை இழுத்துவிடுவார்கள். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே அந்தச் செம்புக் கம்பி வழியாக சர்ஜ் ஏறி, மதர்போர்டின் லேன் போர்ட்டைக் கருக்கிவிடும். அந்த நீள ஓட்டத்துக்கு ஃபைபர் வயர் போட்டு, இரு முனையிலும் ஃபைபரை லேன் வயருக்கு மாற்றிக்கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் போதும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது.

"வீட்டிலதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். மின்சாரம் போனபின் ஏறக்குறைய 17 மில்லி செகண்ட் தாங்க வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான விதி. மலிவான எஸ்எம்பிஎஸ் அவ்வளவு தாங்குவதில்லை, சாதாரண மோடில் வைத்த இன்வெர்ட்டரும் அதற்குள் மாறிக்கொடுப்பதில்லை. அதைவிட முக்கியம், பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் சர்வருக்குச் சொல்லாது. யுஎஸ்பி வழியாகத் தகவல் தரும் யுபிஎஸ் வாங்குங்கள். சில மாடல்களில் இருக்கும் யுஎஸ்பி துளை போன் சார்ஜ் போடுவதற்கு மட்டும், அதில் ஏமாறாதீர்கள். நட் என்கிற இலவச மென்பொருள் எந்தெந்த யுபிஎஸ்ஸோடு பேசும் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. அதில் மாடல் பெயரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு 3.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நாலு டிஸ்க் சேர்ந்து கிளம்பினால் அந்தச் சில நொடிக்கு அதுவே 100 வாட்டை நெருங்கும். டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் முனை போதவில்லை என்று, பழைய மோலெக்ஸ் முனையைச் சாட்டாவாக மாற்றும், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான அடாப்டரை மாட்டுகிறார்கள். அது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடியது.

இனி டிஸ்க். ஹார்ட் டிஸ்க்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. சிஎம்ஆரில் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் அவை ஓட்டு வரிசைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், அதனால் ஒன்றைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டிவரும். தனி டிஸ்க்காகப் பழைய படங்களைப் போட்டுவைக்கச் சரிதான். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டிலோ இசட்எஃப்எஸ்ஸிலோ ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் எழுதும்போதுதான் வினை: நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் பாதியிலேயே கழன்றுகொள்ளும். "நாஸ் டிஸ்க்", அதாவது ஃபைல் சர்வருக்கான டிஸ்க், என்ற லேபிளை மட்டும் நம்பவும் முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று 2020-ல் ஒப்புக்கொண்டது. பிறகுதான் சிஎம்ஆருக்கு ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயர் வைத்தது. அதனால் வரிசைப் பெயர் போதாது, முழு மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பயன்படுத்திய டிஸ்க் புதிது என்று விற்கப்படுவதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் சீகேட் டிஸ்க்குகளில் இந்த மோசடி ஐரோப்பாவில் வெளிவந்தது. ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஸ்மார்ட் பதிவை அழித்திருந்தார்கள், ஆனால் டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு இருந்து காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்சிடிஎல் என்கிற மென்பொருளின் புதிய பதிப்பு அதைப் படிக்கும். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு இந்திய வாரண்டி வருகிறதா என்றும் பாருங்கள்.

பொருத்தம் பார்ப்பதில் பலர் கோட்டைவிடுவது மதர்போர்டில். டிஸ்க் மாட்ட ஆறு சாட்டா போர்ட் என்றிருக்கும்; போர்டிலேயே நேராகச் செருகுகிற எம்.2 எஸ்எஸ்டியைப் போட்டதும் அதில் ஒன்றிரண்டு அணைந்துபோகும். அந்த விவரம் பெட்டியில் இருக்காது, மேனுவலில்தான் இருக்கும். பழைய சர்வர் ரேம் சல்லிசாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அது பெரும்பாலும் ரெஜிஸ்டர்ட் வகை, சாதாரண போர்டில் வேலை செய்யாது. பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி ரேம் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு பயமில்லை. கிடைத்தால் போடலாம். இல்லையென்றால் ஒரு ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓட்டிவிட்டு இருக்கிற ரேமைப் போடுங்கள்.

கரண்ட் பில்லையும் கேட்பார்கள். 40 வாட் இழுக்கும் சர்வர் இரண்டு மாதத்தில் சுமார் 58 யூனிட் எடுக்கும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை இனாமாக வாங்கி வருகிறவர்கள், அது எத்தனை வாட் இழுக்கிறது என்று அளந்துவிட்டு முடிவு செய்யலாம்.

சர்வரை மச்சில் வைக்காதீர்கள், சித்திரையில் டிஸ்க் வெந்துபோகும். கீழே சுண்ணாம்புச் சுவர் உள்ள, காற்று வருகிற அறை போதும், ஆனால் கேபினட்டின் திறந்த துளைகளுக்கு வலை அடியுங்கள். பல்லி உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டிக்கொண்டால் இரண்டுக்கும் நஷ்டம்.

டிஸ்க் வந்ததும் படங்களைக் கொட்டிவிட வேண்டாம். டிஸ்க் தன்னைத்தானே முழுதாகச் சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீள டெஸ்டை ஓட்டுங்கள், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கலாம். பழுது இருந்தால் கடைக்காரர் மாற்றித் தரும் கெடுவுக்குள்ளேயே தெரிந்துவிடும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல் இருக்கும்படி மிரர் போட்டாலும் பேக்கப் தனியாக வேண்டும். தவறுதலாக அழித்தால் மிரரிலும் அழிந்துவிடும். பேக்கப் டிஸ்க் ஒன்று சென்னைப் பங்காளி வீட்டில் இருக்கட்டும். கடை பில்லை அன்றே போட்டோ எடுத்து அந்த டிஸ்க்கிலும் போட்டு அனுப்புங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் வாரண்டி முடியும்வரை எழுத்து நிற்காது.