பார்ட்ஸ் கன்டென்ட்: உள்ளடக்கமும் இல்லை, உதிரிபாகமும் இல்லை

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் புதுக் காரின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். விலையும் மைலேஜும் பெரிய எழுத்தில் இருக்கும். ஓரமாக ஒரு சின்னக் கட்டத்தில் ‘யூ.எஸ்./கனடியன் பார்ட்ஸ் கன்டென்ட்: 55%’ என்பது போல ஒரு வரி வரும். இந்த வரியைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் சட்டென்று வாயில் வருவது ‘உள்நாட்டு உள்ளடக்கம் 55%’. கொஞ்சம் எளிமையாகச் சொல்ல நினைப்பவர் ‘இந்தக் கார் 55% அமெரிக்கத் தயாரிப்பு’ என்பார். முதலாவது யாருக்கும் புரியாது. இரண்டாவது எல்லோருக்கும் புரியும், ஆனால் தப்பு. தப்பாகப் புரிவதைவிடப் புரியாமல் இருப்பதே மேல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைத்திருக்கிறார்கள். நாமும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

முதலில் கன்டென்ட். லத்தீனில் ‘கான்’ என்றால் சேர்த்து, ‘டெனேரே’ என்றால் பிடித்துக்கொள்வது. இரண்டும் கூடிய ‘கான்டினேரே’, சேர்த்துப் பிடித்து உள்ளே வைத்திருப்பதைக் குறிக்கும். அப்படி உள்ளே பிடிபட்டிருப்பதுதான் கன்டென்ட். கன்டெய்னரும் இதே குடும்பம். மனநிறைவைக் குறிக்கும் கன்டென்ட்கூட இதே சொல்தான்; தனக்குள் அடங்கி நிற்பவன் நிறைவானவன் என்று எண்ணியிருக்கிறார்கள். நம் ‘அடங்கு’ என்ற வினையும் ஏறக்குறைய இதே பாதையில் நடந்திருக்கிறது. புத்தகத்தில் பொருளடக்கம், மனிதரிடத்தில் அடக்கம், இறந்தபின் நல்லடக்கம். கடைக்காரர் பேச்சில் அடக்க விலை. ஒரு சரக்கு அவர் கைக்கு வந்து சேர ஆன மொத்தச் செலவு.

இந்தக் கடைசிப் பொருள்தான் நமக்கு வேண்டியது. ஏனென்றால் கார் கண்ணாடியில் இருக்கும் கன்டென்ட் பணத்தால் அளக்கப்படுவது. காரில் இருக்கும் பாகங்களை எண்ணியோ எடை போட்டோ வந்த கணக்கு அல்ல அது. சரி, அப்படியானால் ‘அடக்கம்’ என்றே வைத்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. ‘அமெரிக்க, கனடிய அடக்கம் 55%’ என்று எழுதிப் பார்த்தேன். ‘எல்லா வரிகளும் அடக்கம்’ என்று பில்லில் போடுவது போலவோ, கல்லறை அறிவிப்பு போலவோ இருந்தது. விட்டுவிட்டேன்.

‘உள்ளடக்கம்’ ஏன் கூடாது? அது இப்போது இணையத்தில் எழுதுவதற்கும் காணொளிக்கும் பெயராகிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, அதில் அளவு இல்லை. உள்ளடக்கம் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குப் பதில். இந்த வரி சொல்வது உள்ளே இருப்பதன் மதிப்பில் எவ்வளவு எங்கிருந்து வந்தது என்பதை.

இனிச் சட்டம். அமெரிக்க நாடாளுமன்றம் 1992இல் ‘அமெரிக்கன் ஆட்டோமொபைல் லேபிளிங் ஆக்ட்’ என்ற ஒன்றை நிறைவேற்றியது. 1994 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்தான் இதை மேற்பார்க்கிறது. ஏற்றும் சுமையோடு சேர்த்து 8,500 பவுண்டு, அதாவது சுமார் 3,855 கிலோவுக்கு மேற்படாத பயணிகள் வாகனங்களுக்கு இது பொருந்தும். உள்நாட்டில் செய்ததானாலும் கப்பலில் வந்ததானாலும் ஒட்டியாக வேண்டும். விலைத் தாள் இதற்கு மூத்தது. 1958இல் அதைக் கட்டாயமாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஓக்லஹோமா செனட்டர் மைக் மான்ரோனி. அதனால் அந்தத் தாளுக்கே இன்றுவரை மான்ரோனி ஸ்டிக்கர் என்று பெயர். பாகங்களைப் பற்றிய கட்டத்தை அந்தத் தாளிலேயே சேர்க்கலாம், தனியாகவும் ஒட்டலாம்.

கட்டத்தில் ஐந்து விவரங்கள் இருக்கும். பாகங்களின் மதிப்பில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து எத்தனை சதவீதம். வேறு எந்த நாடாவது 15 சதவீதமோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் அதன் பெயரும் அளவும், அதிகபட்சம் இரண்டு நாடுகள். காரை இறுதியாகப் பூட்டிய ஊர். எஞ்சின் எந்த நாட்டுடையது. கியர் பாக்ஸ் எந்த நாட்டுடையது. கூடவே ஒரு குறிப்பும் இருக்கும். இறுதிப் பூட்டுதல், வினியோகம் போன்ற, பாகம் அல்லாத செலவுகள் இந்தக் கணக்கில் சேராது என்று அது சொல்லும். அந்தக் குறிப்பைப் படிப்பவர்கள் மிகக் குறைவு என்று நினைக்கிறேன். படித்திருந்தால் ‘55% அமெரிக்கத் தயாரிப்பு’ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரு தொழிற்சாலையில் காரைப் பூட்டி முடிக்கிறார்கள். அவர்கள் கூலியில் ஒரு டாலர்கூட அந்தச் சதவீதத்துக்குள் இல்லை.

இப்போது பார்ட்ஸ். இதற்குத் தமிழில் பழகிப்போன சொல் ‘உதிரிபாகம்’. எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. உதிர்வது, உதிர்ந்தது, உதிரி. தொடுக்காத பூ உதிரிப் பூ. கூட்டத்தில் சேராமல் தனியே நிற்பது உதிரி. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக மாட்டத் தனியே விற்கும் ஸ்பேர் பார்ட்டுக்கு உதிரிபாகம் என்பது அற்புதமான பெயர். ஆனால் புதுக் காரில் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும் எஞ்சினும் இருக்கையும் விளக்கும் எப்படி உதிரி ஆகும்? அவை தொடுத்த பூ. நாளிதழ்கள் பார்ட்ஸ் என்று வந்தால் யோசிக்காமல் உதிரிபாகம் என்று போட்டுவிடுகின்றன. அதனால் இந்த வரியைப் படிப்பவர், பின்னாளில் ரிப்பேருக்கு அமெரிக்காவில் பாதிச் சாமான்தான் கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

வெறும் ‘பாகம்’ போதும். வடமொழியில் ‘பஜ்’ என்ற வேருக்குப் பிரித்துக்கொடு, பங்கிடு என்று பொருள். அதில் பிறந்தது பாகம். பாக்கியமும் பக்தியும் அதன் உடன்பிறப்புகள். ஒருவருக்குப் பங்காக வாய்த்தது பாக்கியம். சொத்தைப் பிரிக்கும்போது பாகம் என்றால் பங்கு, இயந்திரத்தில் பாகம் என்றால் உறுப்பு. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. (நளபாகத்தில் வரும் பாகம் வேறு. அது சமைப்பதைக் குறிக்கும் இன்னொரு வடமொழிச் சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.) வடமொழி வேண்டாம் என்பவர்கள் ‘உறுப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு தடையும் இல்லை. இலக்கண வகுப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் ‘சினை’ என்று சொல்லக்கூடும். பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர் என்ற வரிசையில் நாலாவதாக வரும் சினைப்பெயர், முழுமையின் ஒரு பகுதிக்குப் பெயர். துல்லியமான சொல்தான். ஆனால் ‘காரின் சினை’ என்றால் கேட்பவர் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவார்.

எது பாகம், எது பாகம் இல்லை என்பதையும் விதி பட்டியல் போட்டுச் சொல்கிறது. நட்டு, போல்ட்டு, கிளிப், திருகாணி, ரிவெட், பசை, பெட்ரோல், எண்ணெய், கண்ணாடி கழுவும் நீர், சக்கரத்தில் ஒட்டும் எடைத்துண்டு இவையெல்லாம் கணக்கில் இல்லை. இவற்றுக்கும் ஊர் கண்டுபிடிக்கச் சொன்னால் கணக்கெழுதியே தொழிற்சாலை மூடவேண்டி வரும்.

கணக்கு எங்கே சறுக்கும் என்றால், வெளியார் கொடுக்கும் பாகங்களில். கார் நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத ஒருவர் 100 டாலர் மதிப்புள்ள முன்விளக்கு தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 டாலரோ அதற்கு மேலோ அமெரிக்காவிலோ கனடாவிலோ சேர்ந்த மதிப்பு என்றால், 100 டாலரும் அந்தக் கணக்கில் ஏறும். 30 டாலர் வெளியிலிருந்து வந்தது மறைந்துபோகும். தொடக்கத்தில் இது மறுபக்கமும் வெட்டியது; 70ஐத் தொடாவிட்டால் முழுவதும் பூஜ்யம். பிறகு அதைத் திருத்தி, 70க்குக் கீழே போனால் உள்ளபடியான அளவை ஐந்தின் மடங்குக்கு முழுமையாக்கிச் சேர்க்கலாம் என்று வைத்தார்கள். ஆனால் 70ஐத் தொட்டால் 100 என்ற சலுகை நீடித்தது. அதே விளக்கைக் கார் நிறுவனத்துக்கே முழுச் சொந்தமான துணை நிறுவனம் செய்தால் இந்தச் சலுகை கிடையாது; உள்ளது உள்ளபடிதான். ஆக, ஒரே விளக்கு, ஒரே பட்டறை, உரிமையாளர் மாறினால் சதவீதம் மாறும்.

‘உள்நாட்டு’ என்ற அடைமொழியும் இங்கே ஆகாது. பேச்சிலும் செய்தியிலும் ‘டொமெஸ்டிக் கன்டென்ட்’ என்று சொல்வது உண்டு. லத்தீனில் ‘டோமுஸ்’ என்றால் வீடு. ஆனால் சட்டம் வீட்டைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டியிருக்கிறது. 1965இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட வாகன ஒப்பந்தத்துக்குப் பிறகு, எல்லையின் இருபுறமும் உள்ள தொழிற்சாலைகள் ஒரே பட்டறை போலவே ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் கதவு எங்கே பிறந்தது என்று பிரிப்பது வீண் வேலை. அதனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மெக்ஸிகோ வெளியே நின்றுவிட்டது. மூன்று நாடுகளும் கூடிய நாஃப்டா ஒப்பந்தம் 1994 ஜனவரியிலேயே, இந்தக் கட்டம் கண்ணாடியில் ஏறுவதற்கு முன்பே நடைமுறைக்கு வந்திருந்தும் சட்டம் மாறவில்லை. இன்னொரு வேடிக்கை, எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நாடு சொல்லும்போது மட்டும் அமெரிக்காவும் கனடாவும் தனித்தனி. ஒரே கட்டத்தில் மேல் வரியில் ஒரு வீடு, கீழ் வரியில் இரண்டு வீடு. 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு 25% சுங்க வரி வந்தபோது, இந்தச் சதவீதத்தைப் பார்த்து வரியைக் கணக்கிடலாமே என்று நினைத்தவர்களுக்கு அது உதவவில்லை. அமெரிக்காவின் பங்கைத் தனியே பிரிக்க முடியாதபடி கனடாவின் பங்கும் அதற்குள் கலந்திருக்கிறது.

அடுத்து ‘ஃபைனல் அசெம்பிளி பாயின்ட்’. அசெம்பிளி என்றதும் நமக்குச் சட்டமன்றம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் ‘சிமுல்’ என்றால் ஒருசேர. ஆட்கள் ஒருசேரக் கூடினாலும் பாகங்கள் ஒருசேரக் கூடினாலும் அசெம்பிளி. அகராதிகளில் ஒருங்கிணைப்பு, தொகுப்பு என்றெல்லாம் இருக்கும். மெக்கானிக் ஒருவரும் ‘எஞ்சினை ஒருங்கிணைத்துவிட்டேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. கழட்டினேன், பூட்டினேன் என்பார். ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் அதே பூட்டுதான். தனியாய் நிற்பவற்றை இணைத்து ஓடுவதற்கு ஆயத்தமாக்குவது. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்குமா? ஆக, ‘இறுதியாகப் பூட்டிய இடம்’. சுருக்கமாக வேண்டுமென்றால் ‘இறுதிப் பூட்டிடம்’.

காரில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையை நம்பியவர்களுக்கு இந்த வரிதான் அதிர்ச்சி தரும். டொயோட்டா கேம்ரி கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுனில் 1988 முதல் பூட்டப்படுகிறது. ஹோண்டா அக்கார்டு 1982 முதலே ஒஹையோவின் மேரிஸ்வில்லில். அமெரிக்கப் பெயர் தாங்கிய சில வண்டிகளின் கட்டத்தில் மெக்ஸிகோ என்று இருக்கும். கட்டம் கிழிந்துபோன பழைய கார் என்றால் 17 எழுத்துள்ள வாகன அடையாள எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கலாம்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்ஸிகோ, ஜே என்றால் ஜப்பான். பாகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அந்த எண் சொல்லாது.

லேபிளுக்கு நான் புதுச் சொல் தேடவில்லை. பழைய பிரெஞ்சில் துணிக்கீற்று என்று பொருள்பட்ட சொல் அது. இலங்கைத் தமிழில் ‘சுட்டுத்துண்டு’ என்பார்கள். சுட்டிக்காட்டும் துண்டு, கேட்கவே அழகாக இருக்கிறது. ‘விவரச்சீட்டு’ என்றாலும் சரிதான்.

முக்கியச் சொல்லுக்கு வருகிறேன். பார்ட்ஸ் கன்டென்ட் என்பதற்கு ‘பாக மதிப்புப் பங்கு’. பேசப்படுவது பாகம், முழுக் கார் அல்ல. அளவுகோல் மதிப்பு, எண்ணிக்கை அல்ல. தருவது ஒரு பங்கு. மூன்றில் எதை நீக்கினாலும் பொருள் ஆடும். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். பேச்சில் ‘பாகப் பங்கு’ என்று சுருங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, பாகத்துக்குள்ளேயே ஒரு பங்கு ஒளிந்திருந்தாலும். கட்டத்தின் ஐந்து விவரங்களையும் பெயர்த்தால் இப்படி வரும்:

பாக மதிப்புப் பங்கு, அமெரிக்காவும் கனடாவும் சேர்த்து: 55%. மெக்ஸிகோ: 20%. இறுதிப் பூட்டிடம்: ஜார்ஜ்டவுன், கென்டக்கி. எஞ்சினின் நாடு: அமெரிக்கா. கியர் பாக்ஸின் நாடு: ஜப்பான்.

(எண்கள் உதாரணத்துக்குத்தான்.)

இந்தக் கட்டத்தில் சதவீதத்துக்கு மேலே நிற்கும் சொல் ஒன்று மிச்சமிருக்கிறது, ‘கார்லைன்’. அந்த 55% உங்கள் முன்னால் நிற்கும் காருக்கு எடுத்த கணக்கு அல்ல. ஒரே பெயரில், ஒரே மாதிரி உடற்கூட்டோடு அந்த மாடல் ஆண்டில் வரும் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து ஆண்டுத் தொடக்கத்திலேயே எடுக்கப்படும் சராசரி. அந்த மாடல் இரண்டு நாடுகளில் பூட்டப்பட்டால் பூட்டிடம் என்ற வரி வண்டிக்கு வண்டி மாறும், சதவீதம் மாறாமல் நிற்கக்கூடும். இதை ‘கார் வரிசை’ என்று எழுதினால் சாலையில் முட்டிக்கொண்டு நிற்கும் வண்டிகள்தான் கண்ணுக்கு வருகின்றன. ‘கார் வகை’ என்றால் ஹேட்ச்பேக்கா செடானா என்று கேட்பார்கள். ஒரு குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணக்கு என்பதால் இப்போதைக்குக் ‘கார்க்குடி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு ஓட்டுவதைச் சொல்கிறாயா என்று ஒரு நண்பர் கேட்டுவிட்டார். வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.