தெளிந்து வந்தால் வேலை, வேலை பார்த்தால் கூலி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1990-களின் பிற்பாதியில் ஒரு வேலையிடம் நடந்தது. சேர்வதற்குப் படிப்போ முன் அனுபவமோ கேட்கவில்லை. ஹெராயின், கோக்கைன் பழக்கத்தில் சிக்கி, வேலையில்லாமல் இருப்பவர்களுக்காகவே திறந்த இடம் அது. காலையில் வந்ததும் சிறு டப்பாவில் சிறுநீர் கொடுக்க வேண்டும். வேறு யாருடைய மாதிரியையாவது கொண்டுவந்து ஊற்றிவிடாமல் இருக்க ஓர் ஊழியர் கூடவே நின்று கவனிப்பார். போதைப்பொருளின் தடயம் இல்லையென்றால் உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்காரலாம். 3 மணி நேரம் டைப்பிங்கும் டேட்டா என்ட்ரியும் பழகிவிட்டு அன்றைய கூலியைச் சேர்த்துக்கொள்ளலாம். தடயம் இருந்தால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அறிவுரை சொல்லி யாரும் உயிரை வாங்க மாட்டார்கள். மறுநாள் திரும்ப வரலாம்.

இதை நடத்தியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கென்னத் சில்வர்மேன். ‘சிகிச்சைப் பணியிடம்’ என்று அதற்குப் பெயர். முதலில் பழக்கத்தை விடு, அப்புறம் வேலை தேடு, சம்பளம் வந்தால் கஷ்டம் தானாகத் தீரும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் வரிசை. நம் வீடுகளிலும் இதைத்தான் சொல்வோம். சில்வர்மேன் இந்த வரிசையைக் கலைத்து, மூன்றுக்கும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டார். அது எப்படி வேலை செய்தது, எங்கே வேலை செய்யவில்லை என்பதைப் பார்ப்போம்.

ஒரு செயலுக்குப் பின்னால் உடனே நல்லது நடந்தால் அந்தச் செயலை மறுபடி செய்யும் வாய்ப்பு கூடும். நடத்தையியலின் பாலபாடம் இது. போதைப்பொருள் இந்த விதியை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதன் பலன் சில நொடிகளில், நிச்சயமாகக் கிடைக்கிறது. பழக்கத்தை விட்டால் கிடைக்கும் பலன்களான உடல்நலம், குடும்பத்தில் மரியாதை, நிலையான வேலை எல்லாம் என்றோ ஒருநாள், வந்தால் வரும். 1998-இல் நான்சி பெட்ரி, வாரன் பிக்கல் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவன் தூங்கி எழுந்து தன் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிறான் என்று ஒரு கதையைத் தொடங்கிவைத்து, மீதியைச் சொல்லச் சொன்னார்கள். ஹெராயின் பழக்கம் இல்லாதவர்கள் சொன்ன கதைகளில் எதிர்காலம் சராசரியாக 4.7 ஆண்டுகள் தள்ளி இருந்தது. பழக்கம் உள்ளவர்கள் சொன்ன கதைகளில் 9 நாட்கள். அடுத்த வருடம் நன்றாக இருப்பாய் என்று இவர்களிடம் சொல்வது காதில் ஏறாததில் வியப்பென்ன?

எனவே, விடுவதற்கான பலனையும் இன்றே, இங்கேயே கொடுத்துப் பார்க்கலாம் என்று வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் 1990-களின் தொடக்கத்தில் முயன்றார். கோக்கைன் பழக்கத்துக்கு அன்றும் இன்றும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 3 முறை வீதம் 12 வாரம் சிறுநீர்ப் பரிசோதனை. முதல் தடவை தடயம் இல்லையென்றால் 2.50 டாலருக்கு வவுச்சர். அடுத்த தடவையும் இல்லையென்றால் 3.75. இப்படி ஒவ்வொரு முறையும் 1.25 டாலர் ஏறும். தொடர்ந்து 3 முறை தெளிந்திருந்தால் மேற்கொண்டு 10 டாலர். ஒரு முறை தடயம் தெரிந்தால் மதிப்பு மீண்டும் 2.50-க்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு தொடர்ந்து 5 முறை தெளிந்து வந்தால் விட்ட இடத்திலிருந்து ஏறலாம்.

இதில் கெட்டிக்காரத்தனமான பகுதி இந்த இறக்கம்தான். 36-ஆவது பரிசோதனைக்கு வரும்போது ஒரு மாதிரியின் மதிப்பு 46.25 டாலர். அந்த வாரம் நண்பன் ஒருவன் கோக்கைனோடு வந்து நின்றால், எதிரே இருக்கும் கேள்வி ‘இன்று ஒரு நாள்தானே’ என்பதாக இருக்காது. இத்தனை வாரம் கட்டிய ஏணியிலிருந்து விழப்போகிறோமா என்பதாக இருக்கும். தவறவே தவறாதவருக்கு மொத்தம் 997.50 டாலர் சேரும். கையில் காசாகக் கொடுக்கவில்லை, அது எங்கே போகும் என்று தெரியும். வேண்டிய பொருளைச் சொன்னால் ஊழியர்கள் வாங்கித் தருவார்கள். மீன் பிடிக்கும் உரிமச் சீட்டு, சைக்கிள் சாமான், கேமரா என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வவுச்சர் 12 வாரத்தோடு நின்றாலும் சிகிச்சை 24 வாரம். 1994-இல் வெளியான ஆய்வில் வவுச்சர் பெற்றவர்களில் 75% பேர் அதை முடித்தார்கள். அதே சிகிச்சையை வவுச்சர் இல்லாமல் பெற்றவர்களில் 40% பேர்.

முறை பலித்தது. ஆனால் வவுச்சருக்கு யார் பணம் கட்டுவது, எத்தனை காலத்துக்கு என்ற கேள்வி உடனே வந்தது. போதைப் பழக்கம் சர்க்கரை நோய் போல நாள்பட்டது, 12 வாரத்தில் ஆளை விட்டுப் போய்விடாது. சில்வர்மேனின் பங்களிப்பு இங்கேதான் வருகிறது. உலகத்தில் தினம் தினம், ஆண்டுக்கணக்கில், பெரிய தொகையாக மனிதர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் பணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் சம்பளம். அதையே வவுச்சராக்கிவிட்டால்?

யோசனையின் வேர் இன்னும் பழையது. நேதன் அஸ்ரினும் ஜார்ஜ் ஹண்ட்டும் இல்லினாய் மாநிலத்தின் அன்னா அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்திருந்த 16 குடிநோயாளிகளை வைத்து 1973-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வேலை தேடித் தருவது, குடும்பச் சண்டையைத் தீர்ப்பது, குடி இல்லாத நட்பு வட்டம் அமைப்பது என்று வாழ்க்கையையே சரிசெய்து கொடுத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பிறகு இவர்கள் குடித்துக் கழித்த நாட்கள் 14%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 79%. வேலையில்லாத நாட்கள் 5%-க்கு எதிராக 62%. வெறும் 16 பேர்தான், இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் அஸ்ரினுக்கு வேலையின் ருசி தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இரண்டே ஆண்டில், வேலை தேடுபவர்கள் குழுவாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் உதவும் ‘ஜாப் கிளப்’ முறையை அவர்தான் உருவாக்கினார்.

பால்டிமோருக்குத் திரும்புவோம். கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களுக்கும் நல்ல கூலி கொடுத்த நகரம் ஒரு காலத்தில் அது. ஸ்பாரோஸ் பாயின்ட் உருக்காலையில் 1950-களின் இறுதியில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். சில்வர்மேன் ஆய்வைத் தொடங்கியபோது அந்த ஆலை தேய்ந்துகொண்டிருந்தது, 2012-இல் மூடியே விட்டார்கள். அவருடைய முதல் ஆய்வில் சேர்ந்தவர்கள் 40 பெண்கள். கர்ப்பிணிகள், அல்லது அண்மையில் குழந்தை பெற்றவர்கள். சிகிச்சையில் இருந்தும் போதைப்பொருளை விட முடியாதவர்கள். பாதிப் பேரைச் சிகிச்சைப் பணியிடத்தில் சேர்த்தார்கள். நாள் கூலி 7 டாலரில் தொடங்கி, தெளிந்து வந்து வேலை பார்க்கும் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக ஏறி 27 டாலர் வரை போகும். ஒரு நாள் தடயம் தெரிந்தாலோ சொல்லாமல் மட்டம் போட்டாலோ பழையபடி 7.

முதல் 6 மாதத்தில் இவர்களுடைய மாதிரிகளில் 59% ஹெராயினும் கோக்கைனும் இல்லாமல் இருந்தன, மற்ற குழுவில் 33%. மூன்றாண்டு முழுக்கப் பார்த்தபோது கோக்கைன் இல்லாத மாதிரிகள் 54%, மற்ற குழுவில் 28%. போதை சிகிச்சை ஆய்வுகளில் மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் வித்தியாசம் அபூர்வம். அதே சமயம் 54% என்றால் மீதி 46% இருக்கிறதே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கூலி காத்திருக்கிறது என்று தெரிந்தும் பல காலைகளில் அவர்கள் தோற்றார்கள்.

பயிற்சியும் எளிதாக இல்லை. வேலையில்லாதவருக்குத் திறன் கற்றுக்கொடுத்தால் ஓடி வந்து கற்றுக்கொள்வார் என்று திட்டம் போடுபவர்கள் நினைக்கிறார்கள். சில்வர்மேன் குழு திரும்பத் திரும்பக் கண்டது வேறு. கூலி இல்லாத இலவசப் பயிற்சிக்கு ஆட்கள் வருவது குறைவு. வந்ததற்கு மட்டும் காசு கொடுத்தால் வருவார்கள், உட்காருவார்கள், அவ்வளவாகக் கற்க மாட்டார்கள். ஆகவே சரியாகத் தட்டிய எழுத்துகளுக்குச் சில காசு, தவறுக்குக் கழிவு என்று விசைப்பலகை வரைக்கும் அதே தத்துவத்தை இறக்கினார்கள். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுக்க ‘ஹாப்கின்ஸ் டேட்டா சர்வீசஸ்’ என்ற டேட்டா என்ட்ரி நிறுவனத்தையே தொடங்கினார்கள்.

அந்த நிறுவனத்தில்தான் சங்கடமான முடிவு ஒன்று வந்தது. பயிற்சி முடித்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் வேலை கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வேலை மட்டும். இன்னொரு பிரிவுக்கு, சிறுநீரில் கோக்கைன் இல்லாமல் இருந்தால்தான் வேலை. இரண்டாம் பிரிவினர் கோக்கைனிலிருந்து தெளிவாகவே அதிகமாக விலகியிருந்தார்கள். அதாவது வேலை கிடைத்துவிட்டால் மட்டும் போதை ஓடிவிடாது, வேலைக்கும் தெளிவுக்கும் இடையே அந்த முடிச்சு இருக்க வேண்டும். சங்கடம் எதுவென்றால், வருடம் முடிந்து அந்த வேலையும் முடிந்ததும் இரு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் கரைந்துபோனது. சிலர் இதை முறையின் தோல்வி என்பார்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறது, அதற்காக மாத்திரையைக் குறை சொல்வதில்லையே. எனக்கு இதில் தெரிவது, பரிசு நெடுநாள் நீடிக்க வேண்டும் என்பதுதான். பல்கலைக்கழகம் காலத்துக்கும் டேட்டா என்ட்ரி கம்பெனி நடத்த முடியாது என்பது வேறு விஷயம்.

அடுத்த கட்டமாக, வேலையை ஊருக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். அகஸ்ட் ஹோல்டின், சில்வர்மேன் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்கு மாற்று மருந்துச் சிகிச்சை பெற்றுவந்த, வேலையில்லாத 91 பேர் இருந்தார்கள். 3 மாதம் உதவித்தொகையோடு பயிற்சி. அதன்பின் ஒரு பிரிவுக்கு ஆலோசனையும், வேலைவாய்ப்புத் திட்டங்களுக்குச் சிபாரிசும். இன்னொரு பிரிவுக்கு வேலை தேடித் தரும் நிபுணர் ஒருவரின் துணை. கடையிலோ கிடங்கிலோ எங்கே வேலை கிடைத்தாலும் முதலாளி தரும் சம்பளத்துக்கு மேல், வேலை பார்க்கும் மணிக்கு 8 டாலர் கூடுதல் கூலி. பரிசோதனையில் தடயம் தெரிந்தால் அந்த 8 டாலர் 1 டாலராக இறங்கி, அப்புறம் நாளுக்கு ஒன்றாக ஏறும்.

ஓராண்டு முடிவில், கூடுதல் கூலி பெற்ற பிரிவின் மாதிரிகளில் 65% ஹெராயின் வகைப் பொருட்களும் கோக்கைனும் இல்லாமல் இருந்தன, மற்றதில் 45%. வேலை கிடைத்தவர்கள் 59%, மற்றதில் 28%. வறுமைக் கோட்டைத் தாண்டி வாழ்ந்தவர்கள் 61%, மற்றதில் 30%. கடைசி எண்ணைப் பார்க்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். கையில் கூடுதல் கூலி விழுந்தால் வறுமைக் கோட்டைத் தாண்டுவது ஓரளவு கணக்குதான். ஆனால் போதை, வேலை, வறுமை மூன்றும் ஒரே ஆய்வில் ஒரே திசையில் நகர்ந்ததை வேறு எங்கே தேடுவது?

கெட்ட பழக்கத்தை விடுவதற்கு லஞ்சமா என்று கேட்பவர்கள் உண்டு. உழைத்துக் குடும்பம் நடத்தும், போதையைத் தொடாத ஏழைக்கு இந்த 8 டாலர் கிடையாதே என்ற கேள்வி இன்னும் நியாயமானது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு மனிதனின் சாப்பாட்டைச் சிறுநீர்ப் பரிசோதனையோடு கட்டிப்போடுவதும் உறுத்தத்தான் செய்கிறது. இந்த உறுத்தலுக்குக் கொஞ்சம் வெளிச்சம் தந்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

பொருளாதார ஆய்வாளர் ஃப்ராங்க் ஷில்பாக், சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரிடம் 3 வாரம் நடத்தியது அது, 2019-இல் வெளியானது. தினமும் மாலை அலுவலகத்துக்கு வந்து ஊதுகருவியில் ஊத வேண்டும். ஊக்கத்தொகைப் பிரிவினருக்குக் குடிக்காமல் வந்தால் 120 ரூபாய், குடித்து வந்தால் 60. ஒப்பீட்டுப் பிரிவினருக்கு எப்படி வந்தாலும் 90. கையோடு பணம் சேமித்து வைக்கவும் அங்கேயே வசதி. ஊக்கத்தொகை பெற்றவர்களிடம் பகல் குடி குறைந்தது, சேமிப்பு சுமார் 60% கூடியது. குடிக்குச் செலவழிக்காமல் மிஞ்சிய காசும் கூடுதல் வருமானமும் இதில் பாதிக்கு மேல் விளக்கவில்லை. தெளிந்த தலை காசைப் பிடித்துவைக்கிறது என்கிறார் ஷில்பாக். குறைந்தது பகல் குடிதான், ஒரேயடியாக விட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு பகுதி. ஓட்டுநர்களிடமே கேட்டார்கள்: நிபந்தனை இல்லாத பணம் வேண்டுமா, குடிக்காமல் வந்தால்தான் முழுசாகக் கிடைக்கும் பணம் வேண்டுமா? பலர், தங்களுக்குக் காசு குறையும் என்று தெரிந்தே நிபந்தனையைக் கேட்டு வாங்கினார்கள். மாலைக்குள் கால் டாஸ்மாக் பக்கம் போய்விடும் என்று காலையில் அவர்களுக்கே தெரியும். யாராவது இழுத்துப் பிடித்தால் தேவலை என்று நினைத்திருக்கிறார்கள். லஞ்சம் என்று சொல்பவர்கள் இவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் வவுச்சர் முறை மெதுவாக அரசுத் திட்டங்களுக்குள் நுழைந்திருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 2011 முதல் இருக்கிறது. கலிஃபோர்னியா 2023-இல் தன் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தது. அங்கே அப்போது ஒருவருக்கு ஆண்டுக்கு உச்சவரம்பு 599 டாலர். ஹிக்கின்ஸ் 12 வாரத்திலேயே 997.50 வரை கொடுத்தார். பால்டிமோரின் கூடுதல் கூலியில் வாரம் 40 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு இரண்டே வாரத்தில் 640 டாலர் வந்துவிடும். இந்தக் கூலியை ஆண்டுக்கணக்கில் யார் கொடுப்பது, அரசா, முதலாளியா, வரிச் சலுகையா என்பதில்தான் சில்வர்மேன் குழுவின் யோசனை இப்போது நிற்கிறது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு அமெரிக்க அரசு வருமான வரி வழியாக ஏற்கெனவே தரும் கூடுதல் தொகையை அவர்கள் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள்.