சோலாரை மாற்றும் முன் குழாயைத் தொட்டுப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ஏனுங்க, சோலார்ல சுடுதண்ணி வரமாட்டீங்குதுங்க. புதுசு மாத்திப்புடலாமுங்களா?" கோபி, பெருந்துறை, ஊத்துக்குளிப் பக்கம் இருபது வருஷமாகச் சோலார் வாட்டர் ஹீட்டரும் கீசரும் பார்க்கிறேன். மாற்றியே ஆக வேண்டிய நிலைமைக்குப் போனவை குறைவுதான். மாடியில் தண்ணீர் நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும். குளியலறைக்கு வந்து சேராது, அவ்வளவுதான்.

போன மார்கழியில் கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீடு. 200 லிட்டர் சோலார், வெயிலில் தண்ணீரைக் காய்ச்சும் கண்ணாடி டியூப் இருபது. வேறொருவர் வந்து பார்த்து, டியூப் எல்லாம் போய்விட்டது என்று ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் பெரியவர் அம்மிச்சி மட்டும். மாடி ஏறி முதலில் டியூப்களைத் தொட்டேன். நல்ல டியூப் இரண்டு அடுக்குக் கண்ணாடி, நடுவில் வெற்றிடம். அதனால் உச்சி வெயிலிலும் வெளிக் கண்ணாடி அவ்வளவாகச் சுடாது. சுட்டால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அடிக் கப்பைக் கழற்றிப் பார்த்தாலும் தெரியும்: முனை வெள்ளியாக மின்னினால் நல்லது, பால் மாதிரி வெளுத்திருந்தால் போச்சு. இருபதும் மின்னின.

அப்புறம் சுடுதண்ணீர்க் குழாய். டேங்கை ஒட்டி ஒரு முழத்துக்குக் கை வைக்க முடியவில்லை. (புறங்கையால் லேசாகத் தொடுங்கள், பிடித்துவிடாதீர்கள்.) கைப்பிடிச் சுவரைத் தாண்டிய இடத்தில் பச்சைத் தண்ணீர்ச் சில்லிப்பு. இரண்டு மாதம் முன்பு சுவரை உயர்த்திக் கட்டியவர்கள், குழாயைச் சுவருக்கு மேலே ஏற்றி மறுபடி இறக்கியிருந்தார்கள். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று பிரியும். மேடான இடம் கிடைத்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் ஏர்லாக் என்போம். கீழே இறங்கி, குளியலறையில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாயின் வாயைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு குமிழையும் திறந்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாயில் தலைகீழாக ஏறிக் காற்றைத் தள்ளியது. மாடியில் டேங்குக்குள் காற்று போய்வரும் வென்ட் குழாய் புஸ்ஸென்று மூச்சு விட்டது அம்மிச்சிக்கே கேட்டது. அன்றைக்கு அது போதும். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் சுவரில் ஓட்டை போட்டு, குழாயை ஏற்றமே இல்லாமல் சரிவாகக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதே வித்தை தானாக நடந்தால் தொல்லை. ஷவரின் கைப்பிடியை மட்டும் அடைத்துவிட்டு மிக்சரில் இரண்டு குமிழையும் திறந்தே விட்டுவிடுவார்கள். பச்சைத் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுடுதண்ணீர் லைனுக்குள் நுழையும். வீடு முழுக்க வெதுவெதுப்புத்தான். பழி சோலார் மேல்.

அம்மிச்சியின் பேரன் இங்கிலாந்தில் இருக்கிறார். நான் அங்கிருந்தபோதே வீடியோவில் வந்தவர், "அண்ணா, இங்க ரேடியேட்டர் கீழ சுடுது, மேல ஐஸ் மாதிரி இருக்கு" என்றார். அந்த ஊரில் பாய்லர் காய்ச்சிய தண்ணீர் அறைக்கு அறை இரும்புத் தகடுகளுக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும். மேல் பாதி மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கேயும் காற்றுத்தான். ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மேல் மூலையில் இருக்கும் சின்னத் திருகை அதற்கான சாவியால் கொஞ்சமே கொஞ்சம் திறக்கச் சொன்னேன். சீறல் நின்று தண்ணீர் சொட்டியதும் மூட வேண்டும். பிறகு பாய்லர் மானியில் அழுத்தம் 1 பாருக்குக் கீழே போயிருந்தால் தண்ணீர் ஏற்ற வேண்டும். அடியில் நடுப்பாகம் ஆறிக் கிடந்தால் துருச் சேறு. மற்றதெல்லாம் சுட்டு ஒன்று மட்டும் முழுக்க ஆறியிருந்தால், பெரும்பாலும் வால்வின் ஊசி இறுகியிருக்கும். பாய்லரை மட்டும் திறக்காதீர்கள் தம்பி, அங்கே கேஸ் வேலைக்கென்று இருக்கும் கேஸ் சேஃப் பதிவு உள்ளவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

நம் பக்கத்துக்குத் துரு இல்லை, உப்பு. கோவையில் உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இது புரியாது. ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடுகளில் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்தால் கண் விரியும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அப்படிப்பட்ட தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு படியும். சூடு ஏற ஏற அதிகம் படியும். காங்கேயம் பக்கம் ஒரு டியூபைக் கழற்றிக் கவிழ்த்தேன், முட்டை ஓட்டை நொறுக்கிக் கொட்டியது போல இரண்டு கை நிறைய விழுந்தது. கீசரில் இதுவே, கரன்டில் சூடாகும் 'காயில்' என்ற கம்பிச் சுருள் மேல் பாறையாக ஏறும். போட்டதும் கொரகொரவென்று சத்தம் வந்தால் அதுதான். சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாமல் காயில் அளவுக்கு மீறிக் காயும். கடைசியில் காயில் வெடித்து உடம்பில் ஷாக் அடிக்கும். கரன்ட் கசிந்தால் உடனே தானாக அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசரே மாட்டமாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை டேங்கைக் கழுவிவிட வேண்டும். நல்ல தண்ணீர் லைன் இருந்தால் சோலாருக்கு அதைக் கொடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்கில் ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உப்போடு சேர்த்து ஸ்டீலையும் அது ஊசி ஊசியாகத் துளைத்துவிடும். அப்புறம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வென்ட் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஆடி முடிந்ததும் ஒரு பார்வை பாருங்கள். அது அடைபட்டால் தண்ணீர் இறங்கும்போது டேங்க் உள்வாங்கி நசுங்கும்.

இன்னொன்று. மோட்டார் எரிந்து இரண்டு நாள் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்த சோலாருக்கு, மோட்டார் சரியானதும் நடுமதியத்தில் தண்ணீர் ஏற்றிவிட்டு எனக்குப் போன் போடாதீர்கள். காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் டியூப் வரிசையாக வெடிக்கும். பொழுது சாய்ந்து, இருட்டி ஆறிய பிறகு ஏற்றுங்கள்.