மைட்டோடாக்சினா, மாயித்தோ நஞ்சா?

மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் உறுப்பு), மைட்டாசிஸ் (செல் பிளவு) என்று படித்துப் பழகிய கண்ணுக்கு ‘மைட்டோடாக்சின்’ என்ற சொல் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் நஞ்சு என்றே படும். அப்படியல்ல. அந்த ‘மைட்டோ’ நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்த ‘மைட்டோ’ ஒரு மீன். ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் எழுத்துக் கூட்டு வேறு. ஆங்கில உச்சரிப்பைக் காதில் கேட்டு அப்படியே தமிழில் எழுதியதால்தான் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பசிபிக் கடலின் தஹிதித் தீவில் அந்த மீனின் பெயர் மாயித்தோ. பவளப்பாறைகளின் மேல் படிந்திருக்கும் பாசியையும் கசடையும் மேய்ந்து வாழ்வது. வாலடியில் கத்தி போன்ற முள் உண்டு. அதன் உடலில் நீரில் கரையும் கடும் நஞ்சு ஒன்று இருப்பதைக் கண்ட ஜப்பானிய வேதியியலாளர் யசுமோட்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976-இல் மீனின் பெயரையே நஞ்சுக்கும் சூட்டினார்கள். பின்னர்தான் உண்மையான உற்பத்தியாளர் தெரிந்தது: காம்பியர்டிஸ்கஸ் என்னும் ஒற்றைச் செல் நுண்பாசி. பிரெஞ்சு பாலினேசியாவின் காம்பியர் தீவுகளால் அதற்கு அந்தப் பெயர். பழி மட்டும் மீனின் பெயரில் நின்றுவிட்டது.

பிற்பாதியான ‘டாக்சின்’ கிரேக்க ‘டாக்சான்’, அதாவது வில், என்பதன் வழி வந்தது. அம்பு முனையில் தடவிய நஞ்சைக் குறித்தது. தமிழில் ‘நஞ்சு’ போதும். ‘நச்சு’ என்பது நச்சுப்பாம்பு, நச்சுப்பல் என்று அடுத்த சொல்லோடு சேரும்போது வரும் வடிவம்; அதைத் தனிப் பெயராக நிறுத்துவது எனக்கு உவப்பில்லை. ஆகவே ‘மாயித்தோ நஞ்சு’ என்பதே என் பரிந்துரை. பாலினேசிய மொழியில் நாக்கு பல்லைத் தொட்டு எழும் அந்த ஒலிக்குத் தமிழில் ‘த’ இருக்கும்போது ‘ட’வைக் கடன் வாங்குவானேன்?

இந்த நஞ்சின் மூலக்கூறு மிகப் பெரியது. நிறை சுமார் 3,422 டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை ஏறத்தாழ ஒரு டால்டன்). 32 வளையங்கள் சங்கிலிபோல் கோத்த அமைப்பு. ஆனால் அது செய்யும் வேலை எளிது. நம் செல்லுக்கு வெளியே கால்சியம் அயனியின் செறிவு உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. அந்த வேறுபாட்டைக் காப்பது செல்லின் உயிர்ப்பணி. மாயித்தோ நஞ்சு சவ்வில் வழி திறந்துவிட, கால்சியம் வெள்ளமாக உள்ளே பாய்கிறது.

குருதிக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் செல்களுக்கு எண்டோதீலியம் என்று பெயர். தமிழில் ‘அகவணி’ என்ற நல்ல சொல் உண்டு. (இலங்கையில் செல்லைக் ‘கலம்’ என்பார்கள், குருதிக்குழாயைக் ‘குருதிக்கலன்’ என்பார்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுத நேரும் மாணவரின் பாடு சொல்லி மாளாது.) மாட்டின் பெருந்தமனியிலிருந்து எடுத்து வளர்த்த அகவணிச் செல்களில் இந்த நஞ்சை இட்டுப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. முதலில் கால்சியம் ஏறுகிறது. அடுத்து, நலமான செல்லுக்குள் நுழையாத சாயங்கள் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய துளைகள் திறக்கின்றன. சாயம் செல்லின் மரபுப்பொருளான டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிர்வதை வைத்து இது தெரிகிறது. பிறகு சவ்வில் குமிழ் குமிழாகக் கொப்புளங்கள் புடைக்கின்றன. கடைசியில் உள்ளிருக்கும் பெரிய நொதிகளே வெளியே கசிய, செல் மடிகிறது.

இந்த நஞ்சு அழற்சியையும் தூண்ட வல்லது; அதற்கான பாதை வேறு செல்லில் தொடங்குகிறது. (‘அழற்சி’யில் ‘அழல்’ இருக்கிறது; ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் தீதான்.) நஞ்சால் சவ்வு ஓட்டையாகும்போது பொட்டாசியம் வெளியேறுகிறது. மாக்ரோஃபேஜ் என்னும் தற்காப்புச் செல்லில் உள்ள கிரையோபைரின் என்ற புரதம் இத்தகைய கசிவின்போது விழித்துக்கொண்டு, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிச் செய்தியை வெளியே அனுப்ப வழி செய்கிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளின் செல்களில் மாயித்தோ நஞ்சு இந்தச் செய்தியை எழுப்ப முடியவில்லை என்று 2006-இல் காட்டப்பட்டது. செய்தி அகவணியை எட்டினால் அங்குள்ள செல்கள் தம் மேற்பரப்பில் ஒட்டுப் புரதங்களை நீட்டுகின்றன. ஓடும் வெள்ளணுக்கள் அவற்றில் ஒட்டி, குழாய்ச் சுவரைக் கடந்து திசுவுக்குள் இறங்குகின்றன.

இவையெல்லாம் ஆய்வுத் தட்டில் கண்டவை. மீன் தின்று நோயுற்றவருக்கு இதுவே நடந்தது என்று எழுதிவிடக் கூடாது. மாயித்தோ நஞ்சு நீரில் கரைவதால் மீனின் தசையில் அதிகம் சேர்வதில்லை. பெரும்பாலும் குடலிலேயே இருக்கும். பவளப்பாறை மீன்களால் வரும் சிகுவாடெரா நோய்க்கு முதன்மைக் காரணம் கொழுப்பில் கரையும் சிகுவாடாக்சின். அதையும் காம்பியர்டிஸ்கஸ் இனப் பாசிகள்தான் தொடங்கிவைக்கின்றன. ஆனால் சிகுவாடெரா என்ற பெயர் வந்தது கியூபாவில் ‘சிகுவா’ என்று அழைக்கப்பட்ட ஒரு கடல் நத்தையிடமிருந்து.