ரேக் முன்னால் 6 சென்டிமீட்டர் நகர்ந்த ரோபோ

கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கொஞ்ச நாளைக்கு முன் பொறியியல் முடித்த இரண்டு பையன்கள் வந்தார்கள். கேமரா, லேசர் எதுவும் இல்லாமல், வைஃபை சிக்னலை மட்டும் அளந்து கிடங்கின் வரைபடத்தைத் தானே போட்டுக்கொண்டு ஓடும் ரோபோ ஒன்றைச் செய்திருந்தார்கள். இருட்டிலும் தூசியிலும் கேமரா திணறும். ரேடியோ அலைக்கு அந்தக் கவலை கிடையாது. நல்ல யோசனை. உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "சார், சாஃப்ட்வேருக்கு இந்தியாவில் பேட்டண்ட் கிடைக்காதாமே?"

பாதிதான் உண்மை. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, அல்காரிதம் ஆகியவற்றோடு 'வெறும் நிரலாக மட்டுமே நிற்கும் கணினி நிரல்' என்பதையும் விலக்கி வைக்கிறது. அந்த 'வெறும்' என்ற சொல்லை வைத்துத்தான் இத்தனை வருடச் சண்டையும். 2016 பிப்ரவரியில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், புதிய வன்பொருளும் சேர்ந்திருந்தால்தான் ஆச்சு என்றன. 2017-இல் அந்த நிபந்தனை போய்விட்டது. 2019 டிசம்பரில் ஃபெரித் அலானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கண்டுபிடிப்பில் தொழில்நுட்ப விளைவு அல்லது தொழில்நுட்பப் பங்களிப்பு இருந்தால், நிரலைச் சார்ந்தது என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்று சொன்னது.

சரி, அப்படியானால் பையன்களுக்குக் கவலை இல்லையா? அவர்கள் எழுதி வைத்திருந்த கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று மனுவில் சொல்லும் பகுதியை, பார்த்தால் கவலை வரும். சிக்னலின் வலிமையைப் பெறுதல், அதை ஒரு கணினி மாதிரிக்குள் (மாடல்) செலுத்துதல், வரைபடத்தை உருவாக்குதல். மூன்றே படிகள். எண் உள்ளே போகிறது, எண் வெளியே வருகிறது. இந்த மாதிரி கோரிக்கை வந்தால் நான் ஒரு சோதனை செய்வேன்: ரோபோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு லேப்டாப்பை வைத்துப் படிப்பேன். வாக்கியம் கொஞ்சமும் அசையாமல் நின்றால் மனுவைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் முதல் அறிக்கையில் 3(கே) நிச்சயம் இருக்கும். தலைப்பில் 'ரோபோ' என்று போட்டதற்காக யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

அவர்களுடைய குறிப்பு முழுவதையும் படித்தேன். பதினான்காம் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி கிடந்தது: 'ரேக் அருகில் ரோபோ சற்று நகர்ந்து மீண்டும் அளக்கும்.' இது என்னப்பா என்றேன். "அது ஒண்ணுமில்ல சார், எக்கோ பிரச்சினைக்காகப் போட்டது" என்றான் ஒருவன்.

அந்த 'ஒண்ணுமில்ல'தான் கண்டுபிடிப்பு. இரும்பு ரேக்குகள் ரேடியோ அலையைத் திருப்பியடிக்கும். நேராக வரும் அலையும் பட்டுத் திரும்பும் அலையும் ஒரே நேரத்தில் ஆன்டெனாவில் விழுந்து, ஓரிடத்தில் ஒன்றையொன்று தூக்கிவிடும், அடுத்த இடத்தில் அழித்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது 6 சென்டிமீட்டர் சொச்சம் நகர்ந்தாலே இந்தக் கூட்டல் கழித்தல் தலைகீழாக மாறிவிடலாம். சந்தேகமான அளவு வந்தால் இவர்களுடைய ரோபோ நிற்கும், அந்த 6 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும், மறுபடி அளக்கும். இரண்டு அளவும் ஒரேயடியாக வேறுபட்டால் அது எதிரொலி என்று வைத்துக்கொண்டு வரைபடத்தில் சேர்க்காது. வரைபடம் பிசகாததால் ரேக்கில் போய் இடிப்பதும் இல்லை.

இப்போது லேப்டாப்பை வைத்துப் பாருங்கள். லேப்டாப் நகராது. அளவீடு சக்கரத்தை அசைக்கிறது, அந்த அசைவு அடுத்த அளவீட்டைத் திருத்துகிறது. கோரிக்கையை இதைச் சுற்றித்தான் திரும்ப எழுதினோம். அமெரிக்காவில் 2017-இல் தேல்ஸ் விஷனிக்ஸ் வழக்கிலும் கிட்டத்தட்ட இதே தர்க்கம்தான் கைகொடுத்தது. தலைக்கவசத்தின் அசைவைக் கண்காணிக்க உணரிகளை வழக்கத்துக்கு மாறாக அமைத்து அளந்தார்கள். கணக்கில் சமன்பாடு இருக்கிறது என்பதற்காக அது வெறும் கணிதமாகிவிடாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

இதை எழுதும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் 3(கே)வுக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் என் அனுபவத்தில் மனுக்களை அதிகம் சாய்ப்பது 'இதில் புதிது என்ன' என்ற கேள்விதான். வைஃபை சிக்னலால் இடமறிந்து வரைபடம் போடும் ஆய்வுக்கட்டுரை 2007-லேயே வந்துவிட்டது. சான்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு ட்ரோன்களைப் பறக்கவிட்டு, வைஃபை வலிமையை மட்டும் வைத்துச் செங்கல் சுவருக்குப் பின்னால் இருப்பதை முப்பரிமாணத்தில் காட்டியது 2017-இல். ஆகவே 'ரேடியோ அலையால் சூழலை வரையும் ரோபோ' என்று அகலமாகக் கேட்டால் ஒன்றும் நிற்காது. குறுகலாகக் கேளுங்கள். அப்புறம், எந்த அளவு தாண்டினால் 'சந்தேகம்', எத்தனை முறை மறுபடி அளக்கும் என்பதை எல்லாம் விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி மனுவோடு தரும் ஆவணத்தில், எண்ணோடு எழுதுங்கள். 'செயற்கை நுண்ணறிவு முடிவெடுக்கும்' என்று எழுதிவிட்டுப் போனால், செய்யும் முறையை முழுமையாக விவரிக்கச் சொல்லும் 10(4) பிரிவில் மாட்டுவீர்கள்.

கிளம்பும்போதுதான் அந்தக் குண்டைப் போட்டார்கள். மூன்று வாரம் முன்பே யூடியூபில் வீடியோ ஏற்றியிருக்கிறார்களாம். மனு போடும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால், அதில் தெரிவதை அப்புறம் புதிது என்று சொல்ல முடியாது. முன்பே காட்டியதைப் பொறுத்துக்கொள்ள நம் சட்டத்தின் 31-ஆவது பிரிவு தரும் 12 மாதச் சலுகை, மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் (அறிஞர்கள் அமைப்பில்) படித்த கட்டுரை போன்றவற்றுக்குத்தான்; சொந்தமாக ஏற்றிய வீடியோவுக்கு உதவாது. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். தற்காலிக விவரக்குறிப்போடு தாக்கல் செய்துவிட்டால் முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் அவகாசம். இதை முதலில் செய்துவிட்டு வீடியோ போட்டிருக்கலாம்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ரேக் முன்னால் ரோபோ தயங்கி நிற்கிறது, லேசாகப் பக்கவாட்டில் நகர்கிறது, போய்விடுகிறது. ஏன் என்று எங்கும் சொல்லவில்லை. கீழே ஒருவர், "வீல் மாட்டிக்கிச்சா ப்ரோ?" என்று கேட்டிருந்தார். பையன் பதில் போடவில்லை. சோம்பல்தான், வேறென்ன. வாதாட எங்களுக்கு மிஞ்சிய இடம் அந்தப் போடாத பதில்தான். அன்று மாலையே தாக்கல் செய்தோம்.