மதிய வெயில் வகுப்பறைக்கு எத்தனை மணிக்கு வரும்?

சென்னையில் புதிதாகக் கட்டும் பள்ளிகளில் மரபு என்பது பெரும்பாலும் முகப்போடு சரி. நாலு தூண், இரண்டு வளைவு, மேலே ஒரு குவிமாடம். உள்ளே போனால் வகுப்பறை தீப்பெட்டிதான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் எடுத்துக்கொள்ள வேண்டியது அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்: மெட்ராஸ் டெரஸ் கூரை.

தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டாகச் செருகி நிறுத்துவார்கள். அப்புறம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, இறுகும்வரை கட்டையால் தட்டுவார்கள். அதற்கு மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். மொத்தத் தடிமன் சுமார் 20 செ.மீ.

வெயிலின் சூடு இதற்குள் மெதுவாக, ஓர் அலைபோல இறங்குகிறது. மேலே ஒரு மணிக்கு உச்சம் என்றால், அந்த உச்சம் அடிப்பக்கத்தை எட்ட ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். வழியிலேயே பெரும்பகுதி தேய்ந்தும் விடும். வெறும் 12 செ.மீ. கான்கிரீட் தளத்தில் மூன்று மணி நேரம்தான்; தேய்வதும் குறைவு. அதாவது, கடைசி பீரியடில் பிள்ளைகளின் தலைக்கு நேராக வந்து நிற்கும்.

பழைய கூரையில் சூடு ஏழு மணிக்கு மேல்தான் அறைக்குள் இறங்கும். வீட்டில் இது தொல்லை. அதனால்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். ஆனால் அந்த நேரத்தில் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? வீட்டைவிடப் பள்ளிக்குத்தான் இந்தக் கூரை பொருத்தம் என்பேன்.

ஒரே நிபந்தனை: இரவில் அந்தச் சூடு வெளியேற வேண்டும். கூரையை ஒட்டித் திறந்தே இருக்கும் காற்றுத் துளைகள் வேண்டும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போனால் சூடு நாளுக்கு நாள் சேரும்.

தேக்குக்கு இன்று எங்கே போவது? தேவையில்லை. கான்கிரீட் தளத்தின் மேலேயே கொத்தனார்கள் ‘சுருக்கி’ என்று சொல்லும் சுண்ணாம்பு ஜல்லியைப் போட்டுத் தட்டோடு பதிக்கலாம். வெட்டிச் செலவு என்று அதை விட்டுவிட்டு வெள்ளை பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. பெயிண்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும்தான், தூசி படியும்வரை.

இன்னொன்று, சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். பள்ளி திறக்கும் ஜூனில் சூரியன் நம் தலைக்கும் வடக்கே நகர்ந்துவிடும். காலையிலும் மாலையிலும் வெயில் வடக்குச் சுவரில் சாய்ந்து விழும். அந்தப் பக்கமும் ஒரு தாழ்வாரம் இறக்க வேண்டும். அதன் ஓரமாக முட்டி உயரத்தில் ஒரு திண்ணை கட்டிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கும் ஆயிற்று.